கண்ணுக்குத் தெரியாததைக் காட்சிக்கு வைத்த கதை

2005-ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை மூன்று அருங்காட்சியகங்களிடம் 2 கோடி டாலரைக் கொடுத்தது. பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகம், மினசோட்டா அறிவியல் அருங்காட்சியகம், சான் ஃபிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியம், இவைதான் அந்த மூன்று. கொடுத்த வேலை ஒற்றை வரி: நானோ அறிவியலை மக்களிடம் கொண்டுபோங்கள்.

கேட்க சுலபமாக இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டைனோசர் எலும்பு கிடைத்தால் கம்பி கட்டி நிறுத்திவிடலாம். பழைய நீராவி இன்ஜினைத் துடைத்து வைத்தால் கூட்டம் தானாக வரும். நிலாவிலிருந்து வந்த கல்லை ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்து விளக்கைப் போட்டால் போதும். வெறும் கண்ணுக்கு மட்டுமல்ல, பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்புக்கும் தெரியாத ஒரு பொருளை எந்தப் பெட்டியில் வைப்பது? எந்த விளக்கைப் போடுவது?

இதைப் பற்றிக் கொஞ்ச காலமாகப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். எனக்கு இருந்தவை இரண்டு கேள்விகள். ஒன்று, எப்படிக் காட்டினார்கள்? இரண்டு, ஒரு அரசு இவ்வளவு பணம் செலவழித்து இதைக் காட்டச் சொல்வானேன்? இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்று நினைத்துத்தான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, முதல் கேள்விக்கான விடைக்குள்ளேயே இரண்டாவதற்கான விடையும் கிடக்கிறது என்று தோன்றிவிட்டது. அதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போகிறேன்.

எவ்வளவு சின்னது?

ஒரு மீட்டரை நூறு கோடித் துண்டாக்கினால் ஒரு துண்டு ஒரு நானோமீட்டர். இப்படிச் சொன்னால் தலைக்குள் ஒன்றும் இறங்காது. வேறு மாதிரி பார்ப்போம். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர். டி.என்.ஏ. இழையின் அகலம் சுமார் 2 நானோமீட்டர். விரல் நகம் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் வளர்கிறது. அதாவது இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் நகம் சில நானோமீட்டர் நீண்டிருக்கும்.

பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரைக்கும் உள்ள உலகத்தை நானோ என்கிறார்கள். நாம் காணக்கூடிய ஒளியின் அலைநீளமே சுமார் 400-லிருந்து 700 நானோமீட்டர். ஒளியின் அலையை விடவும் சின்னதாக இருக்கும் பொருளை, சாதாரண ஒளி நுண்ணோக்கியில் எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும் தெளிவாகப் பார்க்க முடியாது. லென்ஸின் குறைபாடு இல்லை இது, ஒளியின் எல்லை.

நான் சாஃப்ட்வேர் ஆள். எங்கள் தொழிலில் '5 நானோமீட்டர் சிப்', '3 நானோமீட்டர் சிப்' என்று தினமும் காதில் விழும். இன்றைக்கு அந்த எண் ஒரு தலைமுறையின் பெயர்தான். டிரான்சிஸ்டரின் குறிப்பிட்ட எந்த ஓர் அளவையும் அது நேரடியாகச் சொல்வதில்லை. சொல் ஊரெல்லாம் சுற்றும், பொருள் ஊர் போய்ச் சேராது. 2005-இல் ஆப்பிள் 'ஐபாட் நானோ'வை விற்க ஆரம்பித்தது. 2008-இல் டாடா 'நானோ' காரை அறிமுகப்படுத்தியது. இரண்டு பெயரிலும் நானோ என்றால் 'குட்டி' என்று மட்டும்தான் அர்த்தம்.

விஞ்ஞானிகளுக்கு நானோ முக்கியமாகப் பட்டதற்குக் காரணம் குட்டியாக இருப்பது மட்டுமில்லை. குட்டியானால் பொருளின் குணமே மாறுகிறது. தங்கம் நல்ல உதாரணம். நகைத் தங்கம் மஞ்சள். அதே தங்கத்தைச் சில பத்து நானோமீட்டர் துகள்களாக்கித் தண்ணீரில் மிதக்க விட்டால் நிறம் சிவப்பு, ரூபி மாதிரி. மைக்கேல் ஃபாரடே 1857-இல் இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதினார். அதற்கும் வெகு காலம் முன்னால், 4-ஆம் நூற்றாண்டு ரோமானியக் கண்ணாடிக் கோப்பை ஒன்று இருக்கிறது. லைகர்கஸ் கோப்பை என்று பெயர். முன்னாலிருந்து வெளிச்சம் பட்டால் பச்சை, உள்ளேயிருந்து வெளிச்சம் வந்தால் சிவப்பு. கண்ணாடிக்குள் இருக்கும் தங்க, வெள்ளி நானோ துகள்கள் செய்யும் வேலை அது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஆக, நானோ என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே நானோ மியூசியத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

அரசுக்கு ஏன் இந்த அக்கறை?

1959 டிசம்பரில் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் கால்டெக்கில் ஒரு பேருரை ஆற்றினார். அணுக்களை ஒவ்வொன்றாக எடுத்து நமக்கு வேண்டியபடி அடுக்க முடிந்தால் என்னவாகும் என்பது அதில் அவர் எழுப்பிய கேள்வி. ஓர் அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு அளவுள்ள கனசதுரத்துக்குள் அடங்கும் மோட்டார் செய்பவருக்கு 1,000 டாலர் பரிசு என்றும் அறிவித்தார். அடுத்த ஆண்டே வில்லியம் மெக்லெல்லன் என்ற பொறியாளர் சாதாரணக் கருவிகளை வைத்தே செய்து கொண்டுவந்துவிட்டார். புதுத் தொழில்நுட்பம் ஏதாவது பிறக்கும் என்று எதிர்பார்த்த ஃபெய்ன்மனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். சொன்ன வாக்குக்குப் பரிசைக் கொடுத்தார். அந்த மோட்டாரே கிட்டத்தட்ட 4,00,000 நானோமீட்டர் அகலம் என்பதைக் கவனியுங்கள். நானோவுக்குப் போக இன்னும் நெடுந்தூரம் இருந்தது.

அந்தத் தூரத்தைக் கடக்க வைத்த கருவி 1981-இல் வந்தது. சூரிச்சில் ஐ.பி.எம். ஆய்வகத்தின் கெர்ட் பின்னிக், ஹைன்ரிச் ரோரர் இருவரும் உருவாக்கிய 'ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப்'. 1986-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. 1989-இல் அதே ஐ.பி.எம்.மின் கலிஃபோர்னியா ஆய்வகத்தில் டான் ஐக்லர், 35 செனான் அணுக்களை நகர்த்தி, கம்பெனியின் மூன்று எழுத்தையும் நிக்கல் பரப்பின் மேல் எழுதிக் காட்டினார். ஃபெய்ன்மன் கேட்ட கேள்விக்கு விடை ஏதோ கொஞ்சம் கிடைத்துவிட்டது.

2000 ஜனவரியில் அதே கால்டெக்கில் அதிபர் கிளிண்டன் தேசிய நானோதொழில்நுட்ப முன்னெடுப்பை அறிவித்தார். அடுத்த சில மாதங்களிலேயே எதிர்க்குரலும் வந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனர்களில் ஒருவரான பில் ஜாய், எங்கள் துறையில் பெரிய பெயர், 'வயர்டு' இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். ரோபோ, மரபணு, நானோ மூன்றும் கைமீறிப் போகலாம் என்பது அவர் கவலை. தன்னைத் தானே நகலெடுத்துக்கொண்டு பெருகும் நானோ எந்திரங்கள் உலகத்தையே தின்று சாம்பல் நிறக் கூழாக்கிவிடும் என்ற கற்பனையை எரிக் டிரெக்ஸ்லர் 1986-லேயே தன் புத்தகத்தில் எழுதியிருந்தார். 2002-இல் மைக்கேல் கிரைட்டன் நானோ பூதங்களை வைத்து 'ப்ரே' நாவலை வெளியிட்டார். 2003-இல் இளவரசர் சார்லஸ் நானோவைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று பிரிட்டன் பத்திரிகைகள் பரபரப்பாக எழுதின.

அதிகாரிகளை உண்மையில் பயமுறுத்தியது இந்தக் கூழ்க் கதையெல்லாம் இல்லை. மரபணு மாற்றப் பயிர்களின் அனுபவம்தான். ஆராய்ச்சி செய்தார்கள், முதலீடு செய்தார்கள், கடைக்கும் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு ஐரோப்பிய மக்கள் "எங்களை யாரும் கேட்கவே இல்லையே" என்று எழுந்து நின்றார்கள். 2003-இல் பிரிட்டன் அரசு நாடு முழுக்க விவாதக் கூட்டங்கள் நடத்திப் பார்த்தது. பெரும்பான்மைக் கருத்து எதிராகவே வந்தது. நானோவுக்கும் அந்தக் கதி வந்துவிடக்கூடாது என்ற எண்ணம் வாஷிங்டனில் இருந்தது.

2003 டிசம்பர் 3-ஆம் தேதி அதிபர் புஷ் கையெழுத்திட்ட நானோதொழில்நுட்பச் சட்டம் நான்கு ஆண்டுகளுக்கு 370 கோடி டாலர் வரை ஒதுக்க வழி செய்தது. அதே சட்டத்தில் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும், குடிமக்கள் குழுக்களைக் கூட்டலாம் என்ற வாசகங்களும் இருந்தன. இதற்கு இரண்டு வருஷம் கழித்துதான் மூன்று அருங்காட்சியகங்களுக்கும் அந்தப் பணம் போகிறது.

இந்தப் பின்னணியில் பார்த்தால் ஒரு சந்தேகம் வராமல் இருக்காது. இது கல்வியா, இல்லை முன்கூட்டியே சமாதானப்படுத்தும் வேலையா? அந்தச் சந்தேகத்தை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, அவர்கள் என்ன செய்தார்கள் என்று முதலில் பார்த்துவிடுவோம்.

பெருக்கிக் காட்டினால் என்ன தப்பு?

நம்ம சென்னையில் எழும்பூர் மியூசியத்துக்குச் 'செத்த காலேஜ்' என்று பெயர் உண்டு. தொடாதே, பேசாதே, பார்த்துவிட்டு நகரு. இதற்கு நேர் எதிரான இடம் எக்ஸ்ப்ளோரடோரியம். அணுகுண்டுத் திட்டத்தின் ராபர்ட் ஓப்பன்ஹைமருடைய தம்பி ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-இல் தொடங்கியது. அவரும் இயற்பியலாளர். அங்கே அட்டையில் எழுதிவைத்த விளக்கம் இரண்டாம்பட்சம். வருகிறவர் கையால் திருப்பி, தள்ளி, இழுத்து, நிகழ்வைத் தானே அனுபவிக்க வேண்டும். உலகம் முழுக்க இன்று நாம் பார்க்கும் 'தொட்டுப் பார்' அறிவியல் மையங்களுக்கு அது ஒரு முன்னோடி.

அப்படிப்பட்ட இடத்துக்கு நானோ ஒரு தலைவலி. நிகழ்வை நேரடியாக அனுபவிக்கவே முடியாதே! சுலபமான வழி மாடல் செய்வது. கார்பன் நானோகுழாய் என்றால் கால்பந்து அளவு உருண்டைகளைக் குச்சியால் கோத்து ஆள் உயரத்துக்குக் கட்டிவிடலாம். கட்டவும் செய்தார்கள். குழந்தைகளுக்குப் பிடிக்கத்தான் செய்யும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் இத்தாகா நகரில் ஸயன்சென்டர் என்ற சின்ன அறிவியல் மையம் உண்டு. கார்ல் சேகன் நினைவாக அங்கே 1997-இல் சூரியக் குடும்பத்தை 500 கோடியில் ஒரு பங்காகச் சுருக்கித் தெருவோரம் வைத்தார்கள். சூரியனிலிருந்து புளூட்டோவுக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நடந்தே போகலாம். நடந்து முடித்தவருக்கு ஓர் உண்மை கால்வலியோடு புரியும்: விண்வெளி பெரும்பாலும் காலி. அங்கே தூரங்களின் விகிதம்தான் பாடம், அது சுருக்கினாலும் கெடுவதில்லை.

நானோவில் பாடமே வேறு. கார்பன் குழாயைக் கால்பந்து உருண்டைகளால் கட்டினால் வடிவம் சரியாக இருக்கும், ஆனால் வாழ்க்கை பொய்யாக இருக்கும். நிஜ நானோ உலகத்தில் எதுவும் இப்படிச் சும்மா நிற்பதில்லை. எல்லாம் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். நமக்கு எஜமானாக இருக்கும் ஈர்ப்பு விசையை அங்கே யாரும் மதிப்பதே இல்லை. பெரிதாக்கிக் காட்டும்போது இதெல்லாம் காணாமல் போய், மறுபடி நம் உலகத்தின் விதிகளே வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

படங்களிலும் இதே கதை. அந்த 35 செனான் அணுக்களின் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள், நீலப் பின்னணியில் சின்னச் சின்ன மேடுகளாக. அந்த நீலம் கம்ப்யூட்டர் பூசியது. ஒளியலையைவிடச் சின்னதான தனி அணுவுக்கு நாம் நினைக்கும் அர்த்தத்தில் மேற்பரப்பும் கிடையாது, அந்த நிறமும் கிடையாது. படத்தைப் பார்ப்பவர் அதை ஒரு ஃபோட்டோ என்றே எடுத்துக்கொள்வார்.

இதே இத்தாகா மையம்தான் கார்னெல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2003-லேயே 5 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்காக ஒரு நானோ கண்காட்சியைத் தயாரித்திருந்தது. அது டிஸ்னியின் எப்காட் வரைக்கும் போனது. ஆக, மூன்று அருங்காட்சியகங்களும் வெறுங்கையோடு ஆரம்பிக்கவில்லை. முன்னால் நடந்தவர்களின் தடம் இருந்தது.

தண்ணீர் கொட்டாத கோப்பை

2005-இல் உருவான அந்தக் கூட்டமைப்பின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் 'நைஸ்' என்று வரும். நைஸ் நெட்வொர்க். அவர்கள் தயாரித்த செய்முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இரண்டு கோப்பைகள். ஒன்று சாதாரண டம்ளர். இன்னொன்று பொம்மை வீட்டுக் கோப்பை, நம்ம ஊர் சொப்புச் சாமானைவிடவும் சின்னது. இரண்டிலும் தண்ணீர் நிரப்பிக் கவிழ்க்கச் சொல்வார்கள். டம்ளர் தண்ணீர் கொட்டும். குட்டிக் கோப்பையிலிருந்து கொட்டாது. உதறினாலும் பிடிவாதமாக உள்ளேயே இருக்கும்.

காரணம் எளிய கணக்கு. ஒரு பொருளை எல்லாப் பக்கமும் 10 மடங்கு சின்னதாக்கினால் அதன் எடை 1,000 மடங்கு குறையும். தண்ணீரைக் கோப்பையின் விளிம்போடு பிடித்து வைக்கும் பரப்பு இழுவிசையோ 10 மடங்குதான் குறையும். சின்னதாகச் சின்னதாக ஈர்ப்பு விசை தோற்று, ஒட்டும் விசை ஜெயிக்கிறது.

இந்தக் கோப்பை நானோ அளவு இல்லை. சென்டிமீட்டர் அளவுதான். ஆனாலும் கால்பந்து உருண்டை மாடலைவிட நேர்மையானது. ஏனென்றால் இது நானோவைப் பெருக்கி நம்மிடம் கொண்டுவரவில்லை. நம்மைக் கொஞ்சம் கீழே இறக்கி, விதிகள் மாறத் தொடங்கும் வாசலில் நிறுத்துகிறது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நுனியில் ஓட்டை இல்லாத ஒரு மெல்லிய பேனா மூடி போதும்.

இன்னொன்று ஃப்ரிட்ஜ் காந்தம். விளம்பரத்துக்காகத் தருவார்களே, வளையக்கூடிய ரப்பர் காந்தம், அதுதான். அதிலிருந்து ஒரு மெல்லிய துண்டை வெட்டி, மீதிக் காந்தத்தின் பின்பக்கத்தில் வைத்து இழுத்தால் ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போகும், இன்னொரு திசையில் 'டக் டக் டக்' என்று துள்ளும். கண்ணுக்கு அந்தப் பரப்பு வழவழப்பான கறுப்பு. விரலுக்கு மட்டும் தெரிகிறது, வடக்கும் தெற்கும் வரிவரியாக மாறி மாறி இருக்கின்றன என்று.

இந்த விளையாட்டுக்கும் நோபல் பரிசு வாங்கிய கருவிக்கும் உறவு உண்டு. பின்னிக்கும் ரோரரும் செய்த மைக்ராஸ்கோப் எதையும் 'பார்ப்பதில்லை'. மிகக் கூரான ஓர் ஊசி, பரப்புக்கு ஒரு நானோமீட்டர் இடைவெளிகூட இல்லாமல் மேலே வரிவரியாக நகரும். அந்த இடைவெளியை எலக்ட்ரான்கள் தாண்டும்போது நுண்ணிய மின்னோட்டம் ஓடும். இடைவெளி அணு அளவுக்குக் கூடினாலே மின்னோட்டம் சட்டென்று விழுந்துவிடும். அந்த ஏற்ற இறக்கத்தைக் குறித்துவைத்துக் கம்ப்யூட்டர் படம் வரைகிறது. பார்வையற்றவர் விரலால் பிரெய்ல் படிப்பது மாதிரி. அதனால் ஃப்ரிட்ஜ் காந்தத்தைத் தடவும் குழந்தை அந்தக் கருவியின் வேலையைத் தன் விரலால் செய்கிறது. பெட்டிக்குள் கையை விட்டு, பார்க்காமலே உள்ளே இருக்கும் வடிவத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் செய்முறையும் இதே வகை.

மூக்குக்கும் ஒரு வேலை வைத்தார்கள். பலூனுக்குள் சில சொட்டு வெனிலா எசன்ஸ் விட்டு ஊதிக் கட்டிவிடுவார்கள். பலூனில் ஓட்டை கிடையாது. முகர்ந்தால் வெனிலா மணக்கிறது. ரப்பர்ச் சவ்வின் இடுக்கு வழியாக வாசனை மூலக்கூறுகள் வெளியே வந்துவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாததை நம் மூக்கு எப்போதும் கண்டுபிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

மார்ஃபோ என்ற தென் அமெரிக்க வண்ணத்துப்பூச்சியின் பளீர் நீல இறக்கையும் கண்காட்சிக்கு வந்தது. அந்த இறக்கையில் நீலச் சாயமே கிடையாது. செதில்களில் இருக்கும் நானோ அளவுப் படிக்கட்டுகள் ஒளியைச் சிதறடித்து நீலத்தை உண்டாக்குகின்றன. ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டால் இடுக்குகள் நிரம்பி நிறம் பச்சையாகிவிடும். காய்ந்ததும் மறுபடி நீலம்.

இவை எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்றைக் கவனிக்கலாம். 'இதோ பார், நானோ எவ்வளவு சின்னது' என்று எதுவும் சொல்லவில்லை. 'சின்னதானால் பொருள் வேறு மாதிரி நடந்துகொள்ளும்' என்பதைத்தான் ஒவ்வொன்றும் கைக்கும் மூக்குக்கும் சொல்லியது.

பெட்டியில் போன மியூசியம்

நல்ல செய்முறை கிடைத்தால் மட்டும் போதாது, அதை ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டும். இந்த இடத்தில் என் சாஃப்ட்வேர் புத்தி விழித்துக்கொண்டது. அவர்கள் செய்தது கிட்டத்தட்ட ஓப்பன் சோர்ஸ் வேலை.

2008-லிருந்து ஒவ்வொரு வருஷமும் மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரத்தில் 'நானோடேஸ்' என்று ஒரு விழா நடத்தினார்கள். அதற்குத் தேவையான செய்முறைப் பொருள், போஸ்டர், விளக்கக் குறிப்பு எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு, விண்ணப்பித்த மியூசியங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இலவசமாக அனுப்பினார்கள். பின்னாளில் வருஷத்துக்கு 200-க்கும் மேற்பட்ட பெட்டிகள் போயின. பெட்டி கிடைக்காதவர்கள் இணையத்திலிருந்து அத்தனை கோப்பையும் இறக்கி, தாங்களே செய்துகொள்ளலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்ததால் மாற்றிக்கொள்ளவும் தடை இல்லை.

2010-இல் அறக்கட்டளை மறுபடியும் ஏறத்தாழ அதே அளவு பணம் தந்தது. அதில் 'நானோ' என்ற பெயரிலேயே 400 சதுர அடிக்குள் அடங்கும் ஒரு குட்டிக் கண்காட்சியைச் செய்து, 90-க்கும் அதிகமான பிரதிகள் எடுத்து நாடு முழுக்கக் கொடுத்தார்கள். எழுத்தெல்லாம் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும். பெரிய நகரத்தில் ஒரே ஒரு பிரமாண்ட நானோ மாளிகை கட்டியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, சின்ன ஊர் மியூசியத்தின் ஒரு மூலையில் நிற்கும் சின்ன மேஜையைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு என்பேன்.

யார் முடிவெடுப்பது?

சரி, ஓரமாக வைத்த சந்தேகத்துக்கு வருவோம். கல்வியா, சமாதானப்படுத்தலா?

அறிவியல்காரர்களிடம் நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை இருந்தது. மக்களுக்கு விஷயம் தெரியாததால்தான் பயப்படுகிறார்கள், விளக்கிச் சொன்னால் பயம் போய்விடும் என்று. நானோ விஷயத்தில் 2006 வாக்கில் நடந்த கருத்துக்கணிப்புகளில் அமெரிக்கர்களில் ஏறத்தாழ 10-இல் 7 பேர், நானோ பற்றி அதிகம் கேள்விப்பட்டதில்லை, அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். வெற்றுப் பலகை. எழுதிவிட்டால் போயிற்று என்று தோன்றும்.

டான் கஹானும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு 2009-இல் 'நேச்சர் நானோடெக்னாலஜி' இதழில் வந்தது. நானோவின் நன்மை, அபாயம் இரண்டையும் சமமாகச் சொல்லும் ஒரு சிறு குறிப்பைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். படித்த பிறகு எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. வணிகத்தின் மேலும் தனிமனித முயற்சியின் மேலும் நம்பிக்கை உள்ளவர்கள் நன்மையைப் பிடித்துக்கொண்டார்கள். சமத்துவத்தையும் சமூகப் பொறுப்பையும் பெரிதாக நினைப்பவர்கள் அபாயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். படிக்காதவர்களிடம் இந்தப் பிளவு தெரியவில்லை. ஒரே தகவல், இரண்டு கட்சி. ஆக, தகவலை ஊற்றி மக்களைச் சமாதானப்படுத்தலாம் என்ற கணக்கே தேறாது.

அருங்காட்சியகங்கள் இதற்கு இன்னொரு வழியும் வைத்திருந்தன. பாஸ்டன், மினசோட்டா போன்ற இடங்களில் பெரியவர்களுக்கான விவாத மாலைகளை நடத்தினார்கள். நிபுணர் கொஞ்சம் பேசுவார். பிறகு வந்தவர்கள் மேஜை மேஜையாகப் பிரிந்து உட்கார்ந்து பேசுவார்கள். நானோவின் அபாயம், பயன், இதில் முடிவெடுப்பது யார் என்பதையே தலைப்பாக வைத்து ஒரு விவாதம் தயாரித்தார்கள். குட்டிக் கண்காட்சியிலும் ஆடும் மேஜை ஒன்று உண்டு. நாலு பேர் சேர்ந்து கட்டைகளை அடுக்கி, மேஜை சாய்ந்துவிடாமல் சமன் செய்ய வேண்டும். நம் நானோ எதிர்காலத்தைச் சமன் செய்வோம் என்பது அதன் கருத்து.

அந்த ஆடும் மேஜை எனக்குக் கொஞ்சம் இனிப்பாகப் படுகிறது. நிஜத்தில் எல்லார் கையிலும் ஒரே அளவு கட்டை இருப்பதில்லை. விவாத மாலைகள் உருப்படியான முயற்சி. ஆனால் ஒரு மாலையில் ஒரு மண்டபத்தில் எத்தனை பேர் உட்கார முடியும்? அவர்கள் பேசியது எந்தச் சட்டத்தையாவது கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தாது. 2003 சட்டம் 'கேளுங்கள்' என்றது. கேட்டதைச் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. அந்த வகையில் சந்தேகப்பட்டவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

அப்படியும் இது வெறும் விளம்பரமாக முடிந்துவிடவில்லை என்பது என் கருத்து. அதற்குக் காரணம் அந்தக் குட்டிக் கோப்பை.

2004 ஜூலையில் பிரிட்டனின் ராயல் சொஸைட்டியும் ராயல் அகாடமி ஆஃப் எஞ்சினியரிங்கும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. சாம்பல் கூழ் பயத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அந்த அறிக்கை, வேறொன்றைத் தீவிரமாகச் சொன்னது. ஒரு ரசாயனத்தை நானோ துகளாக்கிவிட்டால் ஒழுங்குமுறையின் கண்ணில் அதைப் புதிய பொருளாகவே நடத்த வேண்டும். பெரிய அளவில் பாதுகாப்பானது என்று சோதித்த சான்றிதழ் அதற்குப் போதாது. ஏன்? சின்னதானால் குணம் மாறும். குட்டிக் கோப்பை சொன்ன அதே பாடம்!

இது ஏட்டுக் கவலை இல்லை. நாற்றம் வராமல் இருக்க நானோ வெள்ளி பூசிய சாக்ஸ் சந்தைக்கு வந்தது. 2008-இல் அரிஸோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட சாக்ஸைத் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சிலவற்றிலிருந்து வெள்ளி வெளியேறித் தண்ணீரில் கலந்தது. பாக்டீரியாவைக் கொல்லும் வெள்ளி சாக்கடைக்குப் போனால் அங்கே கழிவைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா என்னாகும்? ஐரோப்பிய ஒன்றியம் தன் அழகுசாதனச் சட்டத்தில், 2013 ஜூலையிலிருந்து, நானோ வடிவில் சேர்க்கும் பொருளின் பெயருக்குப் பக்கத்தில் 'நானோ' என்று அச்சிட வேண்டும் என்று வைத்தது. சன்ஸ்க்ரீன் டியூபைத் திருப்பிப் பார்க்கும் ஒருவருக்கு அந்த ஒரு சொல் என்ன சொல்கிறது? குட்டிக் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தவருக்கு ஒரு கேள்வி கிடைக்கும்: "பெரிய துகளை வைத்துச் செய்த சோதனை இதற்கும் செல்லுமா?" கவிழ்த்துப் பார்க்காதவருக்கு அது இன்னொரு விளம்பரச் சொல்.

மக்களைச் சமாதானப்படுத்தத்தான் பணம் கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தில் செய்த கோப்பை, கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்துவிட்டது. சொப்புக் கோப்பையிலிருந்து ஒழுங்குமுறைச் சட்டம் வரைக்கும் ஒரே நூல்தான் ஓடுகிறது. அந்த நூலைப் பார்வையாளர் கையில் இன்னும் தைரியமாகக் கொடுத்திருக்கலாம் என்பதுதான் என் குறை.

நமக்கு இதில் என்ன?

பத்து வருஷப் பணம் தீர்ந்த பிறகு அந்தக் கூட்டமைப்பு தன் பெயரில் இருந்த நானோவை எடுத்துவிட்டு, 'நைஸ்' என்ற சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அறிவியல், பொறியியல், கணிதம் எல்லாவற்றுக்குமான வலையமைப்பாக மாறிவிட்டது. செய்முறைக் குறிப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன.

இந்தியா 2007-இல் ஐந்து ஆண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாயில் நானோ மிஷனைத் தொடங்கியது. ஆராய்ச்சியில் நிறைய நடந்திருக்கிறது. இன்றைக்கு நானோ நம் கிராமத்து உரக்கடை வரைக்கும் வந்துவிட்டது. 2021-இல் இஃப்கோ அறிமுகப்படுத்திய நானோ யூரியா, 500 மில்லி பாட்டில். அது 45 கிலோ யூரியா மூட்டைக்கு ஈடு என்பது அந்த நிறுவனத்தின் வாதம். அந்த வாதத்துக்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்று 2023-இல் மேல்நாட்டு ஆய்வாளர்கள் ஆய்விதழில் எழுதினார்கள். நிறுவனம் தன் சோதனைகளைக் காட்டுகிறது. இரண்டு தரப்பில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது இந்தப் பதிவின் வேலை இல்லை.

பாட்டிலைக் கையில் எடுக்கும் விவசாயிக்கு அந்தச் சண்டை போய்ச் சேர்கிறதா என்பதுதான் என் கேள்வி. அவருக்குக் கிடைப்பது லேபிளும் கடைக்காரர் வாக்கும். சின்னதானால் குணம் மாறும் என்பது உண்மை, அதனால் இலைத்துளை வழியாக உரம் உள்ளே போகும் என்ற வாதத்தைக் கேட்க வேண்டியதுதான். அதே காரணத்தால்தான் 'எவ்வளவு போகிறது, எங்கே சோதித்தீர்கள், என் வயலில் தழைச்சத்துக் கணக்கு சரியாக வருகிறதா' என்று கேட்கவும் வேண்டும். இதைப் பேச பெரிய கட்டடம் எதுவும் தேவையில்லை. ஊர் நூலகத்தில் ஒரு மேஜை, ஒரு டம்ளர், ஒரு சொப்புக் கோப்பை, எதிரும் புதிருமாகப் பேச இரண்டு வேளாண் ஆட்கள் போதும்.

உங்கள் வீட்டில் பேனா மூடி இருந்தால் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்துப் பாருங்கள். பக்கத்தில் குழந்தை இருந்தால் அதன் கையில் கொடுங்கள். ஏன் கொட்டவில்லை என்று அது கேட்கும். பதில் மேலே இருக்கிறது, சொல்லிவிடலாம். அதற்கு அடுத்து அது கேட்கப் போகும் கேள்விகள் இருக்கிறதே, அவற்றைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.